குற்றம் பிள்ளையிலா, பேட்டையிலா?

சிகாகோ நகரின் பெரியதொரு வரைபடம். அதன்மீது ஆயிரக்கணக்கான கரும்புள்ளிகள். ஒவ்வொரு புள்ளியும் சிறார் நீதிமன்றத்துக்குக் கொண்டுவரப்பட்ட ஒரு சிறுவனின் வீட்டைக் குறிக்கிறது. அவனுடைய பெயர் அங்கே இல்லை. அவன் எதைத் திருடினான், எந்த மொழி பேசினான், எந்தக் கோவிலுக்குச் சென்றான் என்பன எவையும் இல்லை. அவன் எங்கே வாழ்ந்தான் என்பது மட்டுமே உண்டு. 1929-ஆம் ஆண்டில் ‘டெலின்க்வென்சி ஏரியாஸ்’ என்னும் நூலில் இத்தகைய வரைபடங்களை வெளியிட்டவர் கிளிஃபோர்ட் ஷா என்னும் சமூகவியலார். முனைவர் பட்டம் பெறாதவர். அமெரிக்க நாட்டின் இண்டியானா மாநிலத்துச் சிற்றூரொன்றில் 1895-இல் பிறந்து, வயல்வெளியில் வளர்ந்தவர்.

புள்ளிகள் நகரெங்கும் சமமாகச் சிதறிக் கிடக்கவில்லை. நகரின் நடுவணிகப் பகுதியைச் சுற்றியும், எஃகு ஆலைகள், இறைச்சிக் கூடங்கள், இரயில் கிடங்குகள் ஆகியவற்றை ஒட்டியும் அவை கருமேகம்போல் திரண்டிருந்தன. அங்கிருந்து வெளிப்புறமாகச் செல்லச் செல்ல மெலிந்து, மரநிழல் சூழ்ந்த புறநகர்களில் ஏறத்தாழ மறைந்தே போயின. இது இயல்புதானே, ஏழைகள் வாழும் இடத்தில் திருட்டு இருக்கத்தானே செய்யும் என்று நாம் எளிதாகச் சொல்லிவிடலாம். ஆனால் அக்காலத்தில் பலரும் அவ்வாறு சொல்லவில்லை என்பதே நாம் கவனிக்க வேண்டியது. அவர்கள் சொன்ன விடை வேறு. அந்த விடையால் புண்பட்டவர்களுள் பெரும்பாலோர் கத்தோலிக்கர்கள்.

இத்தாலிய மருத்துவர் லொம்பிரோசோ 1876-ஆம் ஆண்டிலேயே, குற்றவாளி பிறவியிலேயே குற்றவாளி என்றும், மண்டையோட்டின் அமைப்பிலும் தாடையிலும்கூட அதன் அடையாளத்தைக் காணலாம் என்றும் எழுதியிருந்தார். அந்த எண்ணம் அறிவியலின் உடை தரித்து உலகைச் சுற்றி வந்தது. அமெரிக்காவில் அது இனங்களைத் தரம்பிரிக்கும் கருவியாயிற்று. போலந்து, இத்தாலி, லித்துவேனியா, ஸ்லோவாக்கிய நாடுகளிலிருந்து கப்பலேறி வந்த ஏழை உழவர்கள் தாழ்ந்த இனத்தார், அவர்தம் பிள்ளைகள் குற்றத்துக்கென்றே பிறந்தவர்கள் என்று படித்தவர்களே பேசினர். தென் ஐரோப்பியரும் கிழக்கு ஐரோப்பியரும் வருவதைக் கடுமையாகக் குறைத்த 1924-ஆம் ஆண்டின் குடியேற்றச் சட்டத்துக்குப் பின்னால் இந்தப் பேச்சும் இருந்தது. அவர்களுடைய ஆலயங்கள் ஞாயிறுதோறும் நிரம்பி வழிந்தன. அவர்களுடைய பிள்ளைகளோ நீதிமன்றப் பதிவேடுகளை நிரப்பினர். இதைக் கண்டு நகைத்தவர்களும் உண்டு.

இந்தப் பேச்சு நமக்கு அயலானதன்று. 1871-இல் வடஇந்தியாவில் தொடங்கிய குற்றப் பரம்பரையினர் சட்டம் 1911-இல் சென்னை மாகாணத்துக்கும் வந்தது. ஒரு சாதியில் பிறந்த காரணத்துக்காகவே மனிதர்கள் கைரேகை வைத்து, இரவில் காவல் நிலையத்தில் தம்மை ஒப்படைக்க வேண்டியிருந்தது. அதை எதிர்த்துப் பெருங்காமநல்லூரில் 1920-ஆம் ஆண்டு ஏப்ரல் 3-ஆம் நாள் உயிர்நீத்தவர்களின் நினைவு மதுரைச் சீமையில் இன்றும் உண்டு. குற்றம் இரத்தத்தில் ஓடுகிறது என்ற நம்பிக்கை கடலுக்கு இப்புறமும் அப்புறமும் ஒரே காலத்தில் ஆட்சி செய்தது என்பதை நினைவில் இருத்திக்கொண்டு சிகாகோவுக்குத் திரும்புவோம்.

ஷா முதலில் சமயப் பணியாளராக விரும்பி ஒரு சமயச் சார்புக் கல்லூரியில் சேர்ந்தவர். அங்கேயே அந்த அழைப்பின்மீது நம்பிக்கை இழந்து வெளியேறினார். முதல் உலகப் போர்க் காலத்தில் கடற்படையில் சேர்ந்து, பின்னர் சிகாகோப் பல்கலைக்கழகத்துக்கு வந்தார். அங்குச் சமூகவியல் துறை ஒரு புதிய வேகத்தில் இருந்தது. நூலகத்தில் அமர்ந்து சமுதாயத்தை ஆராயாமல் தெருவில் இறங்கிப் பாருங்கள் என்று ஆசிரியர்கள் மாணவர்களை ஏவிய காலம் அது. ஷா போலந்து மக்கள் நெருங்கி வாழ்ந்த பகுதியில் ஒரு சமூகப்பணி இல்லத்தில் தங்கினார். சீர்திருத்தப் பள்ளியிலிருந்து விடுவிக்கப்பட்ட சிறுவர்களைக் கண்காணிக்கும் அலுவலராகவும், பின்னர்ச் சிறார் நீதிமன்றத்தின் நன்னடத்தை அலுவலராகவும் பணியாற்றினார். 1926-இல் சிறார் ஆய்வு நிலையத்தின் சமூகவியல் பிரிவுக்குத் தலைவரானார். மறு ஆண்டு ஹென்றி மெக்கே என்பவர் அவரோடு இணைந்தார். தெற்கு டகோட்டா மாநிலத்து உழவர் மகனான மெக்கே கணக்கில் வல்லவர், பேச்சில் குறைந்தவர். ஷாவோ பேச்சால் கல்லையும் கரைக்கக் கூடியவர். அவ்விருவரும் முப்பது ஆண்டுகள் சேர்ந்து உழைத்தனர்.

அவர்களுக்கு ஒரு வாய்ப்பு இருந்தது. சிறார்க்கென்று உலகில் முதன்முதலாக அமைந்ததாகக் கருதப்படும் நீதிமன்றம் 1899-இல் சிகாகோவில்தான் தொடங்கியது. எனவே அதன் பழைய பதிவேடுகள் ஒரு தலைமுறைக் காலத்துக்குக் கிடைத்தன. 1900 முதல் 1906 வரை நீதிமன்றத்துக்கு வந்த 8,056 சிறுவர்கள், 1917 முதல் 1923 வரை வந்த 8,141 பேர், 1927 முதல் 1933 வரை வந்த 8,411 பேர் என மூன்று தொகுதிகளை அவர்கள் எடுத்துக்கொண்டனர். ஒவ்வொருவரின் முகவரியையும் வரைபடத்தில் இட்டு, அந்தப் பகுதியில் அதே வயதுச் சிறுவர் எத்தனை பேர் என்று கணக்கிட்டு, நூற்றுக்கு இத்தனை என்று விகிதம் கண்டனர். கடைசித் தொகுதியில், நகர நடுவை ஒட்டிய வளையத்தில் நூற்றுக்குப் பத்துப் பேருக்குச் சற்றே குறைவாக இருந்த விகிதம், வெளிவளையத்தில் இரண்டுக்கும் கீழே இறங்கியது.

ஆனால் மூன்று தொகுதிகளையும் அடுத்தடுத்து வைத்துப் பார்த்தபோதே உண்மையான கண்டுபிடிப்பு வெளிப்பட்டது. நூற்றாண்டின் தொடக்கத்தில் அந்த உள்வளையப் பேட்டைகளில் வாழ்ந்தவர்களில் செருமானியரும் ஐரியரும் ஸ்காண்டிநேவியரும் மிகுதி. முப்பது ஆண்டுகளில் அவர்கள் கொஞ்சம் பணம் சேர்த்துக்கொண்டு வெளிப்புறத்துக்கு நகர்ந்துவிட்டனர். அவர்கள் விட்ட வீடுகளில் போலந்தியரும் இத்தாலியரும் குடியேறினர்; சில பகுதிகளில் தெற்கிலிருந்து வந்த கறுப்பின மக்கள் குடியேறினர். குடியிருந்த மக்கள் ஏறத்தாழ முற்றிலும் மாறிப்போயினர். ஆயினும் எந்தப் பேட்டைகள் 1900-இல் முதலிடத்தில் இருந்தனவோ, அவையே பெரும்பாலும் 1930-இலும் முதலிடத்தில் இருந்தன. அது மட்டுமன்று. வெளிப்புறம் சென்ற செருமானியர், ஐரியர் ஆகியோரின் பிள்ளைகள் பதிவேட்டிலிருந்து மெல்ல மறைந்தனர். இரத்தம் அதே இரத்தம்தான். முகவரி மட்டுமே மாறியிருந்தது.

இனத்தை முன்வைத்துப் பேசியவர்களுக்கு இதைவிடத் தெளிவான மறுமொழி வேண்டியதில்லை. அதைச் சொன்னவர் அந்த மக்களுக்காகப் பரிந்து பேசும் மறைபோதகரல்லர், நீதிமன்றக் குமாஸ்தாக்களின் பழைய பேரேடுகளைப் புரட்டிய ஓர் ஆய்வாளர் என்பதே அதன் வலிமை.

ஒன்றை இங்கே சொல்லிவிட வேண்டும். நீதிமன்றப் பதிவேடு என்பது பிடிபட்டவர்களின் பட்டியலே தவிர, தவறு செய்தவர்களின் பட்டியலன்று. வசதியுள்ள வீட்டுப் பிள்ளை கடையில் ஏதேனும் எடுத்தால் தகப்பனார் கடைக்காரரிடம் பேசி முடித்துவிடுகிறார்; ஏழை வீட்டுப் பிள்ளைக்குக் காவல் வண்டி வருகிறது. இந்தக் குறை ஷாவின் எண்களில் உண்டு. ஆனால் இனவாதிகள் சுட்டிக் காட்டியதும் அதே பதிவேட்டைத்தான். ஆகவே அவர்களுக்குரிய மறுமொழி அதனால் வலுவிழப்பதில்லை.

புள்ளிகளை எண்ணுவதோடு ஷா நின்றுவிடவில்லை. அந்தச் சிறுவர்களைத் தம் கதையைத் தாமே எழுதச் சொன்னார். 1930-இல் வெளிவந்த ‘தி ஜாக்-ரோலர்’ அத்தகைய நூல். குடித்துவிட்டுத் தெருவில் கிடப்பவர்களின் சட்டைப்பையைத் துழாவிப் பறிப்பவனுக்குச் சிகாகோத் தெருமொழியில் ஜாக்-ரோலர் என்று பெயர். ‘ஸ்டான்லி’ என்ற புனைபெயரில் அதை எழுதிய இளைஞன் ஒரு போலந்துக் குடும்பத்தைச் சேர்ந்தவன். நான்கு வயதில் தாயை இழந்தவன். ஏழு பிள்ளைகளோடு வந்த மாற்றாந்தாயின் வீட்டில் வயிறு நிறையவில்லை. ஏழு வயது நிறையுமுன்பே வீட்டைவிட்டு ஓடத் தொடங்கினான். சரக்கு இரயிலில் பொருள் எடுத்துவர அந்த மாற்றாந்தாயே அவனை அனுப்பினாள். கூடச் சென்று கற்றுக் கொடுத்தவன் அவளுடைய மகன். அந்தத் தெருவில் அது திருட்டாகவே எண்ணப்படவில்லை என்பதுதான் அதைப் படிப்பவர் நெஞ்சில் தைக்கிறது. சிறார் நீதிமன்றத்துக்கு வந்த சிறுவர்களில் நூற்றுக்கு எண்பதுக்கும் மேற்பட்டோர் கூட்டாளிகளோடு சேர்ந்தே குற்றம் செய்திருந்தனர் என்பதையும் ஷா கண்டறிந்தார். மூத்தவன் இளையவனுக்குக் கற்பிக்கிறான். இளையவன் வளர்ந்து அடுத்தவனுக்குக் கற்பிக்கிறான். மறைக்கல்வி வகுப்பைப்போலவே ஒழுங்காக நடந்த கல்வி அது.

ஸ்டான்லியின் பிற்கால வாழ்வையும் நாம் அறிவோம். அவர் முதியவரான பின்பு அவரை மீண்டும் தேடிச் சென்று எழுதப்பட்ட நூல் 1982-இல் வெளிவந்தது. ஷாவின் உதவியால் அவர் பழைய வழியைப் பெருமளவு விட்டொழித்தார், விற்பனையாளராகப் பிழைத்தார். ஆயினும் வழுக்கல்கள் இருந்தன. ஒரு காலத்தில் மனநல மருத்துவமனையிலும் இருந்தார். முழுமையான மனமாற்றக் கதையை எதிர்பார்ப்பவர்கள் ஏமாந்துபோவார்கள்.

நான் முன்பு பணியாற்றிய ஒரு நகர்ப்புறப் பங்கில், ஒரு தாய் மாலைத் திருப்பலி முடிந்தபின் அறைவீட்டு வாசலில் காத்திருந்தார். மகன் கூர்நோக்கு இல்லத்தில் இருந்தான். “எங்க வம்சத்துலயே இப்படி யாரும் இல்லையே சாமி, இவனுக்கு மட்டும் இந்தப் புத்தி எங்கேயிருந்து வந்துச்சு?” என்று கேட்டார். வீட்டுக்காரர் குடிக்கிறாரா, குடும்பச் செபம் உண்டா, பிள்ளை நற்கருணை வாங்கி எவ்வளவு நாளாயிற்று என்றெல்லாம் நான் விசாரித்தேன். குடியிருந்த தெருவைப் பற்றி ஒரு வார்த்தைகூடக் கேட்கவில்லை. அதே தெருவிலிருந்து அடுத்த ஆண்டுக்குள் இன்னும் இரண்டு தாய்மார்கள் அதே வாசலுக்கு வந்தனர். ஷாவின் நூல்களைப் படித்தது அதற்கும் பல ஆண்டுகளுக்குப் பின்னர்தான். குருமடத்தில் அறநெறி இறையியலைக் கற்றபோது, தனி மனிதனின் அறிவும் விருப்பமும் பாவத்துக்கு எவ்வளவு பொறுப்பு என்பதை நுணுக்கமாகப் பகுத்துப் பார்த்தோம். தெருவின் பொறுப்பைப் பற்றி எங்கள் குறிப்பேடுகளில் அதிகம் இல்லை.

1930-களின் தொடக்கத்தில் ஷா ஆய்வறையிலிருந்து மீண்டும் தெருவுக்கு இறங்கினார். பேட்டைதான் பிள்ளைகளைக் கெடுக்கிறது என்றால், பேட்டைதான் அவர்களைத் திருத்தவும் வேண்டும். வெளியிலிருந்து செல்லும் படித்த பணியாளர் அதைச் செய்ய இயலாது என்பது அவருடைய துணிபு. 1934-இல் முறையாகப் பதிவு செய்யப்பட்ட ‘சிகாகோ ஏரியா புராஜெக்ட்’ என்னும் அமைப்பு இந்தத் துணிபிலிருந்தே பிறந்தது. அதன் முதற்களங்களுள் ஒன்று தென் சிகாகோவின் ரஸ்ஸல் ஸ்கொயர். ஒருபுறம் மாபெரும் எஃகு ஆலை. அதன் நிழலில் மரவீடுகள். நடுவே வானளாவிய கோபுரத்தோடு புனித மிக்கேல் அதிதூதர் ஆலயம். கூலி வாங்கும் போலந்துத் தொழிலாளர்களின் காசில் 1909-இல் எழுந்த ஆலயம் அது.

அந்த மக்களிடம் நுழைய வேண்டுமானால் பங்கின் வழியாகவே நுழைய வேண்டும் என்பதை ஷா கண்டுகொண்டார். அவரோ குருவாகும் ஆசையைக் கைவிட்டவர், கத்தோலிக்கரும் அல்லர். அறைவீட்டுக் கதவைத் தட்டிய இத்தகையவரை எந்தப் பங்குத்தந்தையும் உடனே வரவேற்றுவிட மாட்டார் என்பதை என் தொழிலிலிருந்தே நான் சொல்வேன். ஆயினும் ஒத்துழைப்பு உருவாயிற்று. ஆலயத்தின் அடித்தளத்தில் சிறுவர்களுக்கான மன்றம் திறக்கப்பட்டது. ரஸ்ஸல் ஸ்கொயர் சமுதாயக் குழு என்ற பெயரில் அந்தப் பேட்டை மக்களே ஒன்றுகூடினர். அவர்கள் சம்பளம் வாங்கும் நிபுணர்கள் அல்லர். ஆலைத் தொழிலாளர்கள், கடைக்காரர்கள், பிள்ளைகளின் தகப்பன்மார். ஷாவின் பணியாளர்கள் மூலைக்கடை ஓரத்தில் நின்று இளைஞர்களோடு பேச்சுக் கொடுத்தார்கள். நடைபாதை ஆலோசனை என்று அதற்குப் பெயர் சூட்டினர். சீர்திருத்தப் பள்ளியிலிருந்து ஒரு பையன் திரும்பும் நாளில், அவனை வரவேற்கவும் வேலை தேடித்தரவும் குழுவினர் தயாராயிருந்தனர். காவல் நிலையத்திலும் பள்ளியிலும் நீதிமன்றத்திலும் அவனுக்காக ஜாமீன் பேசினர். சில இடங்களில் முன்பு சிறை சென்று திரும்பியவர்களையே பணியாளர்களாக அமர்த்தினார் ஷா. தேர்ச்சி பெற்ற சமூகப் பணியாளர்கள் இதைக் கண்டு கொதித்தனர். பட்டமில்லாதவர்களை நம்பிப் பிள்ளைகளை ஒப்படைப்பதா என்று கேட்டனர்.

பலன் கண்டதா? சாலமன் கோப்ரின் என்னும் சக ஆய்வாளர் 1959-இல் இருபத்தைந்து ஆண்டுக் காலத்தை மதிப்பிட்டபோது, குற்றம் குறைந்திருக்கக் கூடும், ஆனால் அதைத் துல்லியமாக அளந்து நிறுவ இயலாது என்று ஒப்புக்கொண்டார். எனக்கு அந்த நேர்மை பிடித்திருக்கிறது.

பின்வந்த அறிஞர்கள் வேறொரு குறையைச் சுட்டினர், அது கனமானது. பேட்டை சீர்குலைந்து கிடக்கிறது என்று ஷா சொன்னார். யார் அதைச் சீர்குலைத்தார்கள் என்பதை அவர் அழுத்திக் கேட்கவில்லை. எஃகு ஆலையின் கூலி, வேலை நேரம், வீட்டு உரிமையாளர்களின் பேராசை ஆகியவை அவர் வரைபடங்களில் பின்னணியாகவே நின்றுவிட்டன. 1937-ஆம் ஆண்டு மே 30-ஆம் நாள், நகரின் அதே தென்கிழக்குப் பகுதியில், ரிபப்ளிக் ஸ்டீல் ஆலைக்கு முன்னால் திரண்ட வேலைநிறுத்தக்காரர்கள்மீது காவலர் சுட்டதில் 10 தொழிலாளர் மடிந்தனர். பிள்ளைகளைப் பற்றிப் பேசிக்கொண்டே தகப்பன்மாரின் கூலியைப் பற்றிப் பேசாதிருப்பது எத்தனை நாள் இயலும்?

இயலாது என்று முடிவுகட்டியவர் ஷாவின் கீழே பணியாற்றிய சால் அலின்ஸ்கி. உருசிய யூதக் குடியேறிகளின் மகன். 1938-ஆம் ஆண்டளவில், சிறார் குற்றத்தை ஆராய அவரை ஷா ‘பேக் ஆஃப் த யார்ட்ஸ்’ என்னும் பகுதிக்கு அனுப்பினார். 1865-இல் திறக்கப்பட்ட மாபெரும் கால்நடைத் தொழுவங்களுக்கும் இறைச்சிக் கூடங்களுக்கும் பின்புறத்தில் இருந்த பேட்டை அது. அங்கே போலந்தியருக்கு ஓர் ஆலயம், லித்துவேனியருக்கு ஓர் ஆலயம், ஸ்லோவாக்கியருக்கு, ஐரியருக்கு, செருமானியருக்குத் தனித்தனி ஆலயங்கள். ஒரே திருச்சபை; ஆனால் பங்குத்தந்தையர் ஒருவரோடு ஒருவர் பேசுவது அரிது. நம்மூரில் ஒரே பங்குக்குள் தெருவுக்கொரு கெபி எழுப்பியவர்களுக்கு இதை விளக்கத் தேவையில்லை.

அலின்ஸ்கி, பூங்கா அலுவலரான ஜோசப் மீகன் என்னும் கத்தோலிக்க இளைஞரோடு சேர்ந்து, இந்தப் பங்குகளையும் தொழிற்சங்கத்தையும் ஒரே மேடைக்குக் கொண்டுவந்தார். 1939-ஆம் ஆண்டு ஜூலை 14-இல் பேக் ஆஃப் த யார்ட்ஸ் அண்மையர் மன்றம் கூடியது. துணை ஆயர் பெர்னார்ட் ஷீல் அதற்கு அரணாக நின்றார். சிறைச்சாலையில் ஆன்மகுருவாக இருந்து, தூக்கு மேடைக்குச் செல்லும் இளைஞர்களைக் கண்டு மனம் வெதும்பி, 1930-இல் கத்தோலிக்க இளைஞர் அமைப்பைத் தொடங்கியவர் அவர். மன்றம் கூடிய இரண்டே நாட்களில், மிரட்டல்களைப் பொருட்படுத்தாமல், இறைச்சித் தொழிலாளர் பேரணியில் தொழிற்சங்கத் தலைவர் ஜான் லூயிசோடு ஒரே மேடையில் ஆயர் அமர்ந்தார். பிள்ளைகளின் திருட்டை ஆராயச் சென்ற பணி, தகப்பன்மாரின் கூலிக்கான போராட்டமாக மாறிற்று. ஷாவுக்கு இந்த மோதல் வழி ஏற்புடையதாயில்லை. 1940-இல் அலின்ஸ்கி நிலையத்தைவிட்டு வெளியேறினார். கத்தோலிக்க மெய்யியலார் ழாக் மாரித்தேன் பின்னாளில் அவருடைய நெருங்கிய நண்பரானார்; அவர் வழியாகவே 1958-இல் மிலான் பேராயர் மோந்தினியையும், அதாவது பிற்காலத் திருத்தந்தை ஆறாம் பவுலையும், அலின்ஸ்கி சந்தித்தார்.

பேக் ஆஃப் த யார்ட்ஸ் மன்றம் வென்றது. கூலி உயர்ந்தது, பள்ளிகளில் மதிய உணவு வந்தது, ஒருவரோடு ஒருவர் பேசாத பங்குகள் தோளோடு தோள் நின்றன. வீடுகளைப் பழுதுபார்க்கக் கடன் கிடைத்தது. பேட்டை பளிச்சென்று மாறியது. அப்போது பக்கத்துத் தெருக்கள்வரை கறுப்பின மக்கள் வந்துவிட்டனர். அவர்களுக்கு வீடு விற்கக் கூடாது என்று பத்திரத்தில் எழுதும் வழக்கத்தை நீதிமன்றங்கள் நிறைவேற்றலாகாது என்று 1948-இல் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்திருந்தது. பத்திரம் செய்யாததை இப்போது ஒற்றுமை செய்தது. கறுப்பினத்தார் உள்ளே வந்துவிடாதபடி காக்கும் மதிலாக அந்த மன்றம் 1950-களிலும் 1960-களிலும் பெயர் பெற்றது. முப்பது ஆண்டுகளுக்குமுன் தம் பிள்ளைகளைப் பிறவிக் குற்றவாளிகள் என்று பிறர் சொல்லக் கேட்டுக் கண்ணீர் விட்டவர்கள், இப்போது வேறு பிள்ளைகளைப் பற்றி அதே சொற்களைச் சொன்னார்கள். ஞாயிறு திருப்பலிக்கும் தவறாமல் வந்தார்கள்.

ஷா 1957-இல் இறந்தார். 1971-இல் கால்நடைத் தொழுவங்கள் மூடப்பட்டன. 1992-இல் புனித மிக்கேல் ஆலயத்தருகே இருந்த எஃகு ஆலையும் மூடப்பட்டது. 1972-ஆம் ஆண்டின் தொடக்கத்தில் வெளியான ஒரு நேர்காணலில் அலின்ஸ்கியிடம் அந்தப் பழைய மன்றத்தைப் பற்றிக் கேட்டனர். மீண்டும் அந்தப் பேட்டைக்கே குடிபோய், தாம் கட்டியெழுப்பியதைக் கவிழ்க்க ஒரு புதிய இயக்கம் தொடங்கலாமா என்று உண்மையாகவே எண்ணிக்கொண்டிருப்பதாக அவர் சொன்னார். அந்த ஜூன் மாதத்தில் அவர் காலமானார்.